அதே நம்பர், வேறு பெயர்

வணக்கம் அண்ணா,

முள்ளியவளைப் பக்கம் ஒரு சந்தியில் தையல்கடை வைத்திருக்கிறேன். விடிய கடை திறந்ததும் முதலில் றேடியோவைப் போட்டுவிட்டுத்தான் மெசினில் இருப்பேன். பத்து வருசமாக ஒரே எப்.எம்.தான். போன மாதம் ஒருநாள் போட்டால் அதே நம்பரில் வேறு பெயர் சொல்லுகிறார்கள். பிழையாகத் திருப்பிவிட்டேனோ என்று முள்ளை அங்கால் இங்கால் அசைத்துப் பார்த்தேன். இல்லை, அதேதான். காலையில் பழைய பாட்டுப் போட்டு, இடையில் மரண அறிவித்தல் வாசிக்கிற அக்காவும் இல்லை. இப்போது நாள் முழுக்கப் புதுப் பாட்டும் சிரிப்பும். கைமாறிவிட்டது என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்.

2009ல் கடைசி யுத்தத்தின்போது மாத்தளனில் எங்களோடு ஒரே பங்கருக்குள் ஒரு அம்மா இருந்தார். தன் சேலையைக் கிழித்து என் காலில் காயம் கட்டியவர். முகாமில் பிரிந்தபிறகு தொடர்பில்லை. அவர் இறந்தது எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்தபிறகுதான் எனக்குத் தெரியவந்தது. முந்தியென்றால் றேடியோவில் கேட்டிருப்பேன். ஒரு றேடியோ பெயர் மாறியதற்கு இவ்வளவு கவலைப்படுவது பைத்தியக்காரத்தனமா? எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றலாமா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

பைத்தியக்காரத்தனம் இல்லை. உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தச் சேலைத்துண்டு வந்த இடத்தில் என் மனைவி எழுந்து போய்விட்டார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மாற்றலாம், சட்டம் தடுக்காது. நம் நாட்டில் தனியார் வானொலிக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம், 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின்படி அமைச்சரிடம் இருக்கிறது. உரிமம் கம்பனியின் பெயரில் இருக்கும். கம்பனியை விற்றால் அலைவரிசையும் கூடவே போகும். நீங்கள் பத்து வருசம் கேட்ட பெயர், கடைப் பலகையில் எழுதிய பெயர் மாதிரித்தான். வாங்கியவர் அழித்துவிட்டு வேறு எழுதலாம். 1997ல் ஒலிபரப்புக்கென ஒரு அதிகாரசபை அமைக்க அரசாங்கம் சட்டமூலம் கொண்டுவந்தபோது, அந்தச் சபை அரசின் கைக்குள் இருக்கும் என்பதால் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பில்தான் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று சொல்லப்பட்டிருக்கிறது. பொதுச்சொத்து என்றால் முள்ளியவளைச் சந்தியில் தைக்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு. உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். கேட்பதற்கு ஒரு வழி வைக்காமலே இத்தனை வருசம் போய்விட்டது.

விற்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. எப்.எம். விளம்பரத்தில் ஓடுவது. 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. கிளிநொச்சியையும் சேர்த்தால் இரண்டு லட்சம் தாண்டும், அவ்வளவுதான். சவர்க்காரக் கம்பனிக்காரன் நமக்காகத் தனியாக ஒரு விளம்பரம் செய்யமாட்டான். அதனால் கொழும்பில் ஒரு அறையில் இருந்து பேசுவார்கள், இங்கே கோபுரத்தில் இருந்து அதை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்வார்கள். கொக்காவிலில் ஏ9 வீதியால் போகும்போது பார்த்திருப்பீர்கள்: 174 மீற்றர், 2011 ஜூனில் திறந்தது. அவ்வளவு உயரமான கோபுரம் வன்னிக் காட்டுக்குள் நிற்கிறது. வெளியே இருந்து வருவதை நமக்கு இறக்கித் தருவதற்கு அது போதும். நம் ஊரில் இருந்து ஒரு சொல்லை ஏற்றிவிட அங்கே நமக்கு ஒரு கதிரைகூட இல்லை.

வானொலி நமக்கு எப்போதும் தூரத்தில் இருந்தே வந்தது. 1996ல் கிளிநொச்சியை விட்டு நாங்கள் ஸ்கந்தபுரத்துக்குப் போனோம். பொருளாதாரத் தடையால் பற்றறி கிடையாது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவில் வயர் இழுப்பார். டைனமோவில் வருவது ஏசி. நாலு டையோட்டும் ஒரு கப்பாசிற்றரும் பூட்டி அதை றேடியோவுக்கு ஏற்றபடி ஆக்குவதற்கு அந்தக் காலத்தில் சின்னப் பெடியன்களுக்குக்கூடத் தெரியும். இரவு 9.15க்கு லண்டன் பி.பி.சி. தமிழோசை. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் குரல் மெலிந்து கரகரக்கும், சுற்றியிருக்கிற இருபது பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்கள். வெரித்தாஸ் வானொலி மணிலாவில் இருந்து வந்தது. கேட்டதெல்லாம் எங்கள் ஊர்ச் செய்தி, சொன்னதெல்லாம் கடல் தாண்டி. அந்தத் தமிழோசையும் 2017 ஏப்ரலோடு சிற்றலையை நிறுத்திவிட்டது.

உள்ளூரில் இருந்து பேசியது புலிகளின் குரல். 1990 நவம்பரில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னிக்கு வந்தது. அதுவும் ஒரு தரப்பின் வானொலிதான். அவர்கள் சொல்ல விரும்பாததை அதில் கேட்க முடியாது. ஆனால் குமுழமுனை, கேப்பாப்புலவு, அம்பகாமம் என்ற பெயர்களைப் பிழையில்லாமல் சொன்ன வானொலி அது. 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் அதன் நிலையத்தின்மேல் விமானப்படை குண்டு போட்டது. பணியாளர்களும் பொதுமக்களும் செத்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் கொழும்பில் சூரியன் உட்பட ஒரே கம்பனியின் ஐந்து வானொலிகளின் உரிமத்தை அரசாங்கம் ரத்துச் செய்திருந்தது. சூரியன் பிறகு திரும்பி வந்தது. 1998ல் சூரியனும் சக்தியும் தொடங்கியபோது 24 மணிநேரமும் தமிழ் கேட்கும் என்று சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதை இப்போதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பாட்டு மாறினால் மாறட்டும். உங்கள் கடையில் தைக்கப் பழகுகிற பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டுப் பிடிக்கும். எனக்குப் பொறுக்காதது, பாட்டுக்கு இடையில் இருந்ததை எடுத்துவிட்டதுதான்.

அந்த அக்கா வாசித்த மரண அறிவித்தல்களை நானும் கேட்டிருக்கிறேன். “நெடுந்தீவைப் பிறப்பிடமாகவும், உருத்திரபுரத்தை வதிவிடமாகவும், தற்போது வவுனியாவை வசிப்பிடமாகவும் கொண்ட” என்று தொடங்கும். வேறு ஊர்களில் அது ஒரு விலாசம். நம் ஊரில் அது ஒரு மனிசன் எத்தனை தரம் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்ற கணக்கு. ஒவ்வொரு ஊரிலும் பக்கத்து வளவில் இருந்தவர்கள் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். உறவுக்காரருக்குப் போன் போகும். பங்கருக்குள் இருபது நாள் ஒன்றாய் இருந்தவரின் போன் நம்பர் யாரிடம் இருக்கிறது? “இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்” என்ற வசனத்தில் உங்களையும் அந்த அம்மாவையும் சேர்த்துவைக்க ஒரு சொல் இருந்தது. அதை வாசிக்கிற நேரம் இப்போது ஒரு பாட்டுக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் எழுதவேண்டும். 2018 டிசம்பர் 21 இரவு நான் முரசுமோட்டையில் அக்கா வீட்டில் நின்றேன். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறபட்ட இரவு. றேடியோ போட்டபடி கிடந்தது. ஒரு பெண்குரல் சிரித்துக்கொண்டு, நல்ல குளிர், போர்த்திக்கொண்டு படுங்கள் என்றது. முன்கூட்டியே பதிந்த குரல்; கணினி பாட்டுக்கு இடையில் அதைச் செருகிக்கொண்டே போகும், அறையில் ஆள் இருக்கத் தேவையில்லை. முற்றத்தில் தண்ணீர் வந்ததை எங்களுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு மாடு. விடாமல் கத்தியது. கட்டிலில் இருந்து காலை இறக்கினேன், கணுக்கால் மட்டும் தண்ணீர். கன்றை அவிழ்த்துவிடப் போன மச்சான் கழுத்தளவு தண்ணீரில்தான் திரும்பி வந்தார். அப்போதும் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அந்தக் குரலுக்குரிய பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. தன் குரல் அந்த நேரத்தில் எங்கே கேட்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

கொத்மலையில் 1989ல் ஒரு சமூக வானொலி தொடங்கினார்கள். அதுவும் அரசக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான். ஆனாலும் ஊர்ச்சனம் உள்ளே போய் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து பேசியது. வன்னிக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று நான் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை: காலையில் ஒரு மணித்தியாலம், குளத்து மட்டம், நெல்லு விலை, செத்தவர்களின் பெயர்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அக்கா வாசித்த அறிவித்தல் ஏதாவது உங்கள் போனில் அகப்பட்டிருக்கும். பிள்ளைகளை வீடியோ எடுக்கும்போது பின்னால் றேடியோ கேட்டிருக்கும். தேடிப் பாருங்கள். இருந்தால் அனுப்புங்கள், நான் சேர்த்துவைக்கத் தொடங்கியிருக்கிறேன். அந்த அம்மாவின் பெயரையும் அவர் இருந்த ஊர்கள் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். இங்கே போடுகிறேன்.