பிலே மின்யோன் என்பது நம்ம ஊர் அண்டர்கட்தான்

கேள்வி: புதுச்சேரியில் ஒரு ஓட்டல் மெனுவில் ‘பிலே மின்யோன்’ என்று பார்த்தோம். மாட்டுக்கறி என்றார்கள். வாங்கினால் உள்ளங்கை அளவுகூட இல்லை, விலையோ நம்ம பக்கம் நாலு பிரியாணி விலை. அது என்ன கறி, ஏன் அந்தப் பெயர்? என் மகன் படிக்க பிரான்ஸ் கிளம்புகிறான், அவனும் கேட்கிறான்.
- வாசகர், பேரணாம்பட்டு

பதில்: உங்கள் ஊர்க் கறிக்கடையிலேயே இருக்கிற கறிதான் அது. ‘அண்டர்கட்’ என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

பிரெஞ்சில் ‘பில்’ என்றால் நூல். அதிலிருந்து வந்த ‘பிலே’ எலும்பில்லாத நீளக் கறிக்குப் பெயராகிவிட்டது, மீன் கடையில் ‘ஃபில்லட்’ போடச் சொல்கிறோமே, அதுவும் இதே சொல்தான். ‘மின்யோன்’ என்றால் சின்னதாக, அழகாக. ஆக, குட்டி பிலே.

மாட்டின் முதுகெலும்புக்கு அடியில், இடுப்புப் பக்கமாக, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மொத்தமே இரண்டு பட்டைதான் இருக்கும், விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். கடைக்காரர் எடுக்கும்போது நின்று பாருங்கள். ஒரு முனை தடியாக இருந்து போகப் போக முள்ளங்கி வால் மாதிரி ஒடுங்கும், மேலே வெள்ளி மாதிரி மினுக்குகிற ஒரு சவ்வு ஒட்டியிருக்கும், கத்தி நுனியை அதற்கு அடியில் விட்டு உரித்தெடுப்பார். அந்த ஒடுங்கிய பக்கத்துத் துண்டுதான் பிலே மின்யோன். நடுப்பகுதியைத் தடிமனாக வெட்டினால் அதற்கு ‘ஷாத்தோபிரியான்’ என்று பெயர், பிரெஞ்சு எழுத்தாளரும் தூதருமான ஷாத்தோபிரியான் (1768-1848) பெயரில் வந்தது என்பார்கள்.

கால், கழுத்துச் சதை மாதிரி இந்தச் சதைக்கு வேலை கிடையாது. அதனால்தான் அவ்வளவு மெது. ஆனால் கொழுப்பும் குறைவு, ருசியும் கொஞ்சம் மட்டுதான், அதனால் தயவுசெய்து பிரியாணியில் போட்டுவிடாதீர்கள். ஆம்பூர் பிரியாணிக்கு எலும்பும் கொழுப்புமாக இருக்கிற கறிதான் சரி, அண்டர்கட்டை அவ்வளவு நேரம் வேகவிட்டால் வறண்டு நார் நாராகிவிடும். ஒரு அங்குல கனத்தில் வெட்டி, உப்பும் மிளகும் தடவி, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் சில நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

அப்புறம் மகன் விஷயம், இதுதான் முக்கியம். மாட்டுக்கறிக்கு இந்தப் பெயர் அமெரிக்காவில்தான் ரொம்பப் புழக்கம். பிரான்ஸில் வெறுமனே ‘பிலே மின்யோன்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பன்றிக்கறி. மாட்டுக்கறியை அங்கே ‘பிலே த பெஃப்’ என்பார்கள். ‘பெஃப்’ என்றால் மாடு, ‘போர்’ என்றால் பன்றி. பன்றிக்கறி சாப்பிடாத பிள்ளை என்றால் ஆர்டர் கொடுக்கும் முன் ‘பெஃப்’பா ‘போர்’ரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.