லேப்ரடாருக்கு எந்த பாலிசி, பூனைக்கு எந்த பாலிசி?

கேள்வி: சென்னை கொளத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். இரண்டே கால் வயதில் ஒரு பெண் லேப்ரடார், நான்கு வயதில் கருத்தடை செய்த ஒரு ஆண் நாட்டுப் பூனை. லேப்ரடாருக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை. போன வருடம் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்து சரியானது. காப்பீடு எடுக்கலாம் என்று விசாரித்தால் ஒரு பாலிசிக்கு வருடம் ஆயிரத்துச் சொச்சம் கேட்கிறார்கள், இன்னொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல். இரண்டிலும் காப்பீட்டுத் தொகை 50,000 ரூபாய்தான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? எதை எடுப்பது? பூனைக்கும் எடுக்க வேண்டுமா?

பதில்: லேப்ரடாருக்கு எடுங்கள். ஆனால் அந்த 50,000 எதற்கானது என்று பார்த்துவிட்டு எடுங்கள். பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் பாலிசியில் அது நாய் இறந்தால் உங்களுக்குத் தரும் தொகை. ஐயாயிரம் பாலிசியில் அது நாயைப் பிழைக்க வைக்க ஆகும் செலவு. பெயர் இரண்டிலும் 'செல்லப்பிராணி காப்பீடு'தான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. நம் நாட்டில் விலங்குக் காப்பீடு கறவை மாட்டில் தொடங்கியது. மாடு செத்தால் விவசாயிக்கு அதன் விலை கிடைக்க வேண்டும், அதுதான் அதன் நோக்கம். காதில் அடையாள வில்லை இருந்தால்தான் பணம், வில்லை இல்லையென்றால் இல்லை. அரசுத் துறை நிறுவனங்களின் நாய்ப் பாலிசிகள் இந்த வழியில் வந்தவை. உதாரணமாக நியூ இந்தியா நிறுவனத்தின் நாய்ப் பாலிசி 8 வாரம் முதல் 8 வயது வரையுள்ள நாட்டு, கலப்பின, வெளிநாட்டு நாய்களை ஏற்கிறது. அதன் அடிப்படை இழப்பீடு விபத்திலோ நோயிலோ நேரும் மரணத்துக்குத்தான். தனியார் நிறுவனங்களில் பஜாஜ் அலையன்ஸ் 2020-இல் நாய்ப் பாலிசி கொண்டுவந்தது. அதன் பிறகுதான் அறுவை சிகிச்சை, மருத்துவமனைச் செலவு என்று பிரித்து வாங்கும் பாலிசிகள் பரவலாயின. எச்.டி.எஃப்.சி எர்கோ போன்றவை பூனையையும் சேர்த்துக்கொள்கின்றன.

வீட்டில் பிள்ளைபோல வளரும் நாய்க்கு மரண இழப்பீடு பெரிய உதவி அல்ல. கையைக் கடிப்பது இரவு பத்து மணிக்கு மருத்துவமனையில் 'முன்பணம் கட்டுங்கள்' என்று சொல்லும் நேரம். ஆகவே அறுவை சிகிச்சையும் மருத்துவமனைச் செலவும் அடங்கும் பிரிவே உங்களுக்கு அடிப்படை. அதோடு மூன்றாம் நபர் பொறுப்புப் பிரிவையும் சேருங்கள். அடுக்குமாடியில் லிஃப்டில் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டாலோ, படிக்கட்டில் ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டாலோ சட்டப்படி நீங்கள் தர வேண்டிய நஷ்ட ஈட்டை அது ஏற்கும். ஆனால் விலங்கை அலட்சியமாக வைத்திருந்ததற்காகப் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 291-ஆம் பிரிவின்படி வரக்கூடிய தண்டனையையோ அபராதத்தையோ எந்தக் காப்பீடும் ஏற்காது. குடும்பத்தாரையும் வீட்டு வேலைக்கு வருபவரையும் கடித்தால் பொதுவாக இந்தப் பிரிவில் இடமில்லை.

வெளிநோயாளி சிகிச்சைப் பிரிவைச் சேர்க்குமுன் ஒரு கணக்கு போடுங்கள். அதன் உச்சவரம்பிலிருந்து உங்கள் பங்கைக் கழித்து, மிச்சத்தைக் கூடுதல் பிரீமியத்தோடு ஒப்பிடுங்கள். பல சமயம் ஆயிரம் ரூபாய் லாபத்துக்காக வருடம் முழுக்க ரசீது சேர்க்க வேண்டியிருக்கும். எங்கள் அபிப்பிராயத்தில் அது வேண்டாம்.

இனி அந்த 50,000 உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். உங்கள் லேப்ரடாருக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டி (பயோமெட்ரா) அவசர அறுவை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்குப் பருவம் முடிந்து சில வாரங்களில் வரக்கூடியது இது. தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும். பில் 38,000 ரூபாய் என்று கொள்வோம்: அறுவை 18,000, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் 6,000, ஐந்து நாள் தங்கல் நாளுக்கு 1,500 வீதம் 7,500, மருந்து 4,500, பிறகு தையல் பிரிக்கவும் கட்டு மாற்றவும் போய்வந்த வகையில் 2,000.

பாலிசியில் தங்கலுக்கு நாளுக்கு 1,000 ரூபாய்தான் வரம்பு என்றால் 7,500-இல் 5,000 மட்டும் ஏற்பார்கள். வீடு திரும்பிய பிறகான செலவுக்கு இடமில்லை என்றால் அந்த 2,000-மும் போயிற்று. மிச்சம் 33,500. ஒவ்வொரு க்ளெய்முக்கும் முதல் 2,000 உங்களுடையது என்றால் 31,500. அதில் 20 சதவீதம் உங்கள் பங்கு, அதாவது 6,300. கையில் வருவது 25,200. நீங்கள் போட்டது 12,800. சில நிறுவனங்கள் 20 சதவீதத்தை முதலில் கழித்துவிட்டு 2,000-ஐ அப்புறம் கழிக்கும். அப்போது 24,800 வரும். எந்த வரிசை என்பது பாலிசியில் இருக்கும்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பாலிசிகள் ஒவ்வொன்றிலும் இதே 38,000 பில்லை ஓட்டிப் பாருங்கள். பிரீமியத்தை ஒப்பிடுவதைவிட இது பத்து மடங்கு பயன் தரும். பணம் பெரும்பாலும் நீங்கள் கட்டிய பிறகுதான் திரும்பி வரும் என்பதால், பாலிசி இருந்தாலும் கையிருப்பு வேண்டும்.

இதே கர்ப்பப்பைச் சீழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. விருப்பத்தின்பேரில் செய்யும் கருத்தடை, கர்ப்பம், பிரசவம் ஆகியவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்குகின்றன. சீழ் கட்டினால் செய்வதும் கர்ப்பப்பையை எடுக்கும் அதே அறுவைதான். ஆகவே 'கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு பயோமெட்ரா வந்தால் உண்டா, இல்லையா?' என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் ஏஜென்ட் 'எல்லாம் உண்டு' என்பது க்ளெய்ம் நேரத்தில் எடுபடாது. நாயை ஈன விடும் எண்ணம் இல்லையென்றால் கருத்தடையைச் சொந்தச் செலவில் செய்துவிடுங்கள். இந்த நோய்க்கு அதைவிடச் சிறந்த காப்பு இல்லை.

இப்போது தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். க்ளெய்மைத் தீர்மானிப்பதில் பாலிசிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். ஒவ்வொரு ஊசிக்கும் நேரே மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதில் பேட்ச் எண் தெரிய வேண்டும். தேதி, மருத்துவரின் கையெழுத்து, கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணுள்ள முத்திரை இவையும் வேண்டும். வெறும் பேனாக் கிறுக்கல் மட்டும் இருந்தால் அடுத்த முறை போகும்போதே சரிசெய்து வாங்குங்கள். டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ, ரேபிஸ் போன்று ஊசியால் தடுக்கக்கூடிய நோய்களுக்கு, ஊசி காலாவதியாகாமல் இருந்தால்தான் பணம். பூஸ்டர் இருபது நாள் தள்ளிப்போய் அந்த இடைவெளியில் லெப்டோ வந்தால் க்ளெய்ம் நிற்காது.

அதே புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மருத்துவர் எழுதிவைத்த குறிப்புகளையும் வரிவரியாகப் படியுங்கள். 'இடது பின்னங்கால் நொண்டல்' என்று ஒரே வரி இருக்கும். மாடிப்படியில் வழுக்கியதாக இருக்கலாம், இரண்டு நாளில் சரியாகியும் இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் கழித்து அதே காலில் முட்டித் தசைநார் அறுந்தால், இது முன்பே இருந்த கோளாறு என்று சொல்ல அந்த ஒரு வரி போதும். லேப்ரடார்களுக்கு இடுப்பு மூட்டும் முட்டியும் பலவீனமான இடங்கள் என்பதால் இதைச் சாதாரணமாக விடக்கூடாது. விண்ணப்பிக்குமுன் மருத்துவரிடம் காட்டி, தேவையென்றால் எக்ஸ்ரே எடுத்து, 'தற்போது குறை இல்லை' என்று எழுதி வாங்குங்கள்.

உண்ணிக் காய்ச்சலை மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் எந்த மாதம் வந்தது, என்ன சிகிச்சை, எப்போது குணமானது என்று எழுதுங்கள். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை செய்து தட்டணுக்கள் சரியாக இருக்கும் அறிக்கையை இணைப்பது நல்லது. அந்த நோயை மட்டும் விலக்கி பாலிசி கொடுத்தாலும் பரவாயில்லை, மற்றவை நிற்கும். மறைத்தால் நாளை வேறு நோய்க்கான க்ளெய்மும் சேர்ந்தே விழக்கூடும்.

மைக்ரோசிப் (தோலுக்கடியில் செலுத்தும் அடையாளச் சிப்) போட்டுவிடுங்கள். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியதால் எப்படியும் வேண்டும். பதினைந்து இலக்க எண்ணை நீங்கள் பார்க்கும்போதே ஸ்கேனரில் படிக்கச் சொல்லி, பாலிசி, உரிமம், தடுப்பூசிப் புத்தகம் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரும் அப்படித்தான். வீட்டில் கூப்பிடுவது ஒன்று, புத்தகத்தில் ஒன்று, பில்லில் ஒன்று என்று இருந்தால் இது வேறு நாய் என்பார்கள். சிறிய கிளினிக்குகளில் புத்தகத்திலேயே எழுதிவிட்டு ஜிபேயில் பணம் வாங்கிக்கொள்வது வழக்கம். பில் எண், தேதி, பிராணியின் பெயர், செலவின் பிரிவுகள் உள்ள ரசீது கேட்டு வாங்குங்கள்.

பாலிசி தொடங்கியதும் நோய்களுக்கு ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. 30 நாள் வரை சாதாரணம், சில நோய்களுக்கு அதிகம். அந்த நாட்களில் அறிகுறி தோன்றினாலே போதும், சிகிச்சை பிறகு நடந்தாலும் ஏற்கமாட்டார்கள். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டில் நிறுவனம் மாறும்போது கிடைக்கும் சலுகைகள் இங்கே இல்லை. வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்குக் கிடைக்கும் கழிவும் கிடையாது. வயது ஏற ஏறப் புதிதாகச் சேர்வது கடினம் என்பதால், இரண்டே கால் வயது நல்ல நேரம்.

திருட்டுப் பிரிவு எடுத்தால், 'எஃப்.ஐ.ஆர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் முதலில் தரும் சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் போதாது.

பூனை விஷயத்துக்கு வருவோம். வீட்டை விட்டு வெளியே போகாத, கருத்தடை செய்த, தடுப்பூசி தவறாத நாட்டுப் பூனைக்கு, மாதம் 1,000 ரூபாய் தனியாக ஆர்.டி போடச் சொல்வோம். வருடத்தில் 12,000 சேரும். அதில் விலக்கும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இரண்டு நிலைமைகளில் மட்டும் பாலிசி எடுக்கலாம்: அது வெளியே சுற்றும் பூனையாக இருந்தால், அல்லது பால்கனிக்கு வலை இல்லாமல் மேல்மாடியில் இருந்தால். வலை அடிப்பது பிரீமியத்தைவிட மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். எந்த வழியில் போனாலும் ஆண் பூனைக்கு ஒன்றைக் கவனியுங்கள். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அடைப்பு. ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மறுபடியும் வரக்கூடியது என்பதால், ஒரே ஆண்டில் இரண்டாம் முறை வந்தால் பாலிசி ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கையில் பணமில்லை என்றால் வேப்பேரியில் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

மரண இழப்பீடும் உள்ள பாலிசி என்றால் ஒரு கடினமான விஷயத்தை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். புதைக்குமுன் நிறுவனத்துக்குத் தெரிவித்து, சிப் எண்ணைப் படித்துப் படம் எடுத்து, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்க வேண்டும். நம் வெயிலில் உடல் சில மணி நேரத்தில் கெடும். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டுச் சுற்றி வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் உள்ளுறுப்புகள் சிதைந்து காரணம் கண்டறிய முடியாமல் போகும்.

பாலிசி கையில் வந்ததும் கூடவே வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைப் படியுங்கள். நினைத்ததுபோல் இல்லையென்றால் ரத்து செய்யலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் மாத விதிகளின்படி, ஓராண்டு பாலிசியில் க்ளெய்ம் எதுவும் செய்யாதிருந்தால் மீதி நாட்களுக்கான பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தனிநபர் க்ளெய்மை நிராகரிக்கக்கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. நிராகரித்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. உங்கள் மின்னஞ்சலில் வாங்கிவைத்த அந்த எழுத்துப் பதிலை மனுவோடு முதல் தாளாக இணையுங்கள்.