பி.ஏ. பொருளாதாரமும் மாமாவின் கேள்வியும்

அன்புள்ள ஐயா,

தேனி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பிளஸ் டூவில் வணிகவியல் குரூப், கணிதம் கிடையாது. பி.காம். கிடைக்காததால் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்திருக்கிறேன். “இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?” என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். நிதித்துறைக்குப் போக ஆசை. பங்குச்சந்தைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் 30,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

ச.

அன்புள்ள ச.,

மாமா கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. வங்கித் தேர்வையும் குரூப் 2-ஐயும் எந்தப் பட்டதாரியும் எழுதலாம். அதற்குப் பொருளாதாரம்தான் வேண்டும் என்றில்லை. பொருளாதாரம் படித்தவர்களுக்கென்றே உள்ள வேலைகள் பெரும்பாலும் எம்.ஏ.வுக்குப் பிறகு வருபவை. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு அத்துறையில் முதுகலை கட்டாயம். இடங்கள் மிகக் குறைவு. ரிசர்வ் வங்கியின் ஆய்வுத் துறை அதிகாரிப் பணியும் அப்படித்தான்.

ஆகவே உங்கள் கவலை பி.காம். கிடைக்காதது பற்றி இருக்க வேண்டியதில்லை. கணிதம் இல்லாதது பற்றி இருக்கட்டும். சென்னை கோட்டூர்புரத்தில் 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் முதுகலை படிக்க வகையீடும் (கால்குலஸ் கணிதத்தின் ஒரு பகுதி) புள்ளியியலும் தெரியாமல் முடியாது. நம் பி.ஏ. வகுப்புகள் பலவற்றில் இவற்றை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு, கோட்பாடுகளை ‘ஐந்து மார்க் கேள்வி’யாக மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் குறையில்லை, பாடத்திட்டம் போட்டவர்கள் மேல்தான். முதல் ஆண்டிலேயே பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்து உட்காருங்கள். அரசு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நிதித்துறை என்கிறீர்களே, அது பக்கத்து வீடு. வட்டி ஏறினால் பழைய கடன்பத்திரத்தின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும், கையில் இருப்பதை விற்கலாமா என்று கணக்குப் போடுவது நிதி. ரிசர்வ் வங்கி ஏன் வட்டியை ஏற்றியது, 4 சதவீதப் பணவீக்க இலக்கை விலைவாசி எவ்வளவு தாண்டியது என்று பார்ப்பது பொருளாதாரம். வங்கிகளின் கடன் ஆய்வுப் பிரிவு, கடன் வாங்குபவர் திருப்பிக் கட்டுவாரா என்று மதிப்பிடும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள், சென்னையில் இயங்கும் பன்னாட்டு வங்கி மையங்கள் ஆகியவற்றில் இரண்டும் தெரிந்தவருக்கு மதிப்புண்டு. முதலீட்டு ஆய்வாளர்களுக்கான, மூன்று நிலைகள் கொண்ட சி.எஃப்.ஏ. தேர்வை வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கணிதம் பிடித்துப்போனால் காப்பீட்டுக் கணிப்பாளர் (ஆக்சுவரி) தேர்வும் இருக்கிறது; நீண்ட பாதை, நல்ல சம்பளம்.

இன்னொன்று. கிராமத்தில் இருப்பது உங்களுக்குக் குறை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்குப் போய் நிலம், கூலி, கடன் எல்லாம் விசாரித்து எழுதிவரச் சொன்னார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு அப்படி 1916-இல் ஆராயப்பட்ட ஊர். பின்வந்த ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள், 2008-இலும் போனார்கள். நம்மூர் நிலமும் கூலியும் ஒரு நூற்றாண்டில் எப்படி மாறின என்பதற்கு அது அரிய சான்று. உங்கள் ஊரில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். நாற்பது வீடுகளில் கூலி, நகைக்கடன், மகளிர் குழுக் கடன், அதன் வட்டி இவற்றைக் கேட்டு எக்செல்லில் ஏற்றிப் பாருங்கள். வேலைக்கான நேர்காணலில் சான்றிதழைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

30,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பங்குகளின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாகப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வே சொல்கிறது. சந்தையைக் கற்க ஆசையென்றால் செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன, கட்டணமும் குறைவு. ஆனால் அதுவும் இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வகையீடு.