கள்ளத்தோணி

வணக்கம் ஐயா,

'கள்ளத்தோணி என்ற சொல்லை நான் எந்த மனிதருக்கும் சொல்வதில்லை' என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என் மகனுக்குப் பதினொரு வயது. பந்து விளையாடும்போது ஒரு கூட்டாளியை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். ஏசினால், "களவாகப் படகில் வந்தவன் என்றுதானே அர்த்தம், அதில் என்ன பிழை?" என்கிறான். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அது ஒரு குற்றத்தின் பெயர்தானே? பேப்பரிலும் வருகிறதே?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

மகன் சொன்ன அர்த்தம் பிழையில்லை. நம் பேச்சில் திருடன் குறைவு, கள்ளன்தான். அவன் செய்வது களவு. சட்டத்துக்கு மறைத்துச் செய்யும் எதற்கும் முன்னால் இந்தக் 'கள்ள' வந்து ஒட்டிக்கொள்ளும்: கள்ளக்காசு, கள்ளச்சாவி, கள்ள வோட்டு, கள்ளக் கரண்ட். தோணியும் அப்படித்தான். தூத்துக்குடியில் சரக்கேற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோன தோணிகள் இருந்தன. அவை முறையான தோணிகள். இருட்டில் வந்து, ஆளில்லாத கரையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியது கள்ளத்தோணி. அப்படி வந்தவர்களே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1952இல் அவர்களைத் தடுக்க அரசாங்கம் இராணுவத்தையே கரையோரக் காவலுக்கு அனுப்பியது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். கள்ளக்காசு கையில் சிக்கிய மனிதரை யாரும் 'கள்ளக்காசு' என்று கூப்பிடுவதில்லை. கள்ளத்தோணியில் மட்டும் படகின் பெயர் ஆளின் மேல் ஏறிவிட்டது. இலக்கணத்தில் ஆகுபெயர் என்று படித்தோமே, 'ஊர் சிரித்தது' என்று, அதேதான். ஊர் சிரித்தால் யாருக்கும் நட்டமில்லை. இங்கே, யாரோ ஒருவர் ஒருநாள் இரவில் செய்த காரியம், அந்தப் படகையே காணாத பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் பெயராகிவிட்டது. சிங்களத்திலும் இதே தமிழ்ச் சொல்லைத்தான் நம்மைத் திட்ட எடுத்துக்கொண்டார்கள். நாம் கொடுத்த சொல் அது என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

எனக்கு ஒன்பது வயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தேன். 'அவுட்' என்று சண்டை வந்தது. "போடா கள்ளத்தோணி" என்றவன் சிங்களப் பையன் இல்லை. என்னோடு தமிழில் பேசி, தமிழில் படித்தவன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அப்பாயி, அதாவது அவருடைய அம்மா, வந்த கதையைச் சொன்னார்.

அப்பாயி சின்னப் பிள்ளையாக மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையில் நடத்திய முகாம் அது. தொற்றுநோய் இல்லை என்று பார்த்து, பெயர் பதிந்து, எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று எழுதிக்கொண்டுதான் விடுவார்கள். அப்புறம் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு. 1914இலிருந்து இதுதான் அரசாங்கம் போட்டுக்கொடுத்த பாதை. தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டு, எண்ணி, எழுதி, ஏற்றி வந்தார்கள். இதில் களவு எங்கே இருக்கிறது?

பிறகு ஏன் மலையகத் தமிழருக்கு இந்தப் பெயர்? 1948இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வருவதைக் கையாள்வது 20ஆம் இலக்கச் சட்டம். 18ஆம் இலக்கம் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கேயே பிறந்த ஒருவர்கூட, தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்திருக்கும்? இலட்சக்கணக்கானவர்கள் இருந்த இடத்திலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. கையில் கடுதாசி இல்லை, அவ்வளவுதான். ஆனால் கடுதாசி இல்லாதவரையும் களவாக வந்தவரையும் ஊர் ஒரே சொல்லால் கூப்பிட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் கணக்கில் வந்தார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பேப்பரைப் பற்றிக் கேட்டீர்கள். படகைக் கள்ளத்தோணி என்று எழுதட்டும். அதில் வந்த ஆளை 'அனுமதியில்லாமல் வந்தவர்' என்று எழுதினால் ஒரு சொல் கூடும், செய்தி குறையாது. 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் எத்தனை குடும்பங்கள் இரவில், பாஸ்போட் இல்லாமல், வள்ளமேறி இராமேஸ்வரத்தில் இறங்கின? அவர்களை அகதிகள் என்றோம். அதுதான் சரியான சொல். அவர்களில் பலரைக் கொண்டுபோய் வைத்ததும் அப்பாயி இருந்த அதே மண்டபத்தில்தான்.

மகனை ஏசவேண்டாம். மண்டபம் கதையைச் சொல்லுங்கள். பதினொரு வயது போதும். எனக்கு ஒன்பதில் விளங்கியது.