நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தாமதமாக வந்த அங்கீகாரம்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கில் கருப்பின வீரர்களை ஒதுக்க விதியே இருந்ததா சார்?

பதில்: எழுதிய விதி இல்லை. 1880களில் அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. 1947-ல் கருப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆட வரும்வரை நீடித்தது. இடையில் 1920-ல், ரூப் ஃபாஸ்டர் கான்சாஸ் சிட்டியில் அணி உரிமையாளர்களைக் கூட்டி கருப்பின வீரர்களுக்கான நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார்.

கேள்வி: நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சன் எப்போதோ இறந்துவிட்டார். 2024-ல் சாதனைப் பட்டியலில் எப்படி, மேஜர் லீக்கின் வெள்ளை நட்சத்திரம் டை காபை முந்தினார்?

பதில்: ஹிட்டெல்லாம் 1930, 40களில் அடித்ததுதான், கணக்கில் ஏறியதுதான் இப்போது. எவையெல்லாம் மேஜர் லீக் என்று 1969-ல் ஒரு குழு தீர்மானித்தபோது நீக்ரோ லீக்குகளைச் சேர்க்கவில்லை. 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு லீக்குகளுக்கு அந்தத் தகுதி கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் கருப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாக ஸ்கோர் திரட்டினார்கள். 2024 மே மாதம் அவை அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஏறின. பேட்டிங் சராசரி என்பது பேட் பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு. கிப்சனுடையது 0.372, காபுடையது 0.367.

இதைச் சலுகை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் சம்பாதித்தது அவர் பெயரில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். ராபின்சன் களமிறங்க மூன்று மாதம்கூட இல்லை. பிட்ஸ்பர்க்கில் அவரைப் புதைத்த இடத்தில் 1975 வரை பெயர் பொறித்த கல் கிடையாது.

கேள்வி: குறைவான ஆட்டங்களை வைத்து ஒப்பிடுவது நியாயமா?

பதில்: லீக் ஆட்டங்கள் குறைவு என்பது உண்மை. மற்ற நாட்களில் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய் ஆடினார்கள், அதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. அப்புறம், காப் மட்டும் மேஜர் லீக்கில் பந்து வீசும் கருப்பின பிட்சர்களை எதிர்கொண்டாரா என்ன?

கேள்வி: நீக்ரோ லீக்கில் ஆடிய பக் ஓ'நீலுக்கு, பேஸ்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்ததா?

பதில்: உயிரோடு இருந்தபோது கிடைக்கவில்லை. 2006-ல் ஒரு சிறப்புக் குழு 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. 94 வயது ஓ'நீலை விட்டுவிட்டது. அந்த 17 பேரில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் அவர்களுக்காக மேடையேறிப் பேசியவர் ஓ'நீல்தான். கூட்டத்தையே கைகோக்க வைத்துப் பாடவும் வைத்தார். அக்டோபரில் இறந்தார். 2022-ல் சேர்த்தார்கள். அந்த 2006 முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அமெரிக்கா போகிறேன். இந்த வரலாற்றை எங்கே பார்க்கலாம்?

பதில்: கான்சாஸ் சிட்டியில் நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் மியூசியம். உள்ளே ஒரு சிறு மைதானத்தில் வீரர்களின் வெண்கலச் சிலைகள் நிற்கும். முதலில் கம்பி வலை வழியாகத்தான் பார்க்க முடியும். வரலாற்றுப் பகுதியைச் சுற்றி முடித்த பிறகே அவற்றின் நடுவே நடக்கலாம். அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.