டைனோசர் யாருக்கு சொந்தம், பல்லிக்கா கோழிக்கா? நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

கேள்வி: அண்ணா, டைனோசர்னா பெரிய சைஸ் பல்லிதானே? எங்க சார் அப்படித்தான் சொன்னாரு.

பதில்: எல்லாம் பேரால வந்த வினை தம்பி. 1842ல ரிச்சர்ட் ஓவன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கிரேக்க மொழியில "பயங்கரமான பல்லி"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சுட்டாரு, அது அப்படியே ஒட்டிக்கிச்சு. ஓணான் நடக்குறத பாருங்க, காலு ரெண்டு பக்கமும் விரிஞ்சு வயிறு தரையை ஒட்டிக்கிட்டே போகும். டைனோசருக்கு காலு உடம்புக்கு நேர் கீழ, தூண் மாதிரி. இடுப்புல தொடை எலும்பு மாட்டுற இடமும் கிண்ணமா இருக்காது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரியுற ஓட்டையா இருக்கும்.

கேள்வி: அப்போ அது ஊர்வனவே இல்லையா?

பதில்: ஊர்வனதான், ஆனா வேற வகையறா. பல்லி, ஓணான், பாம்பு ஒரு கிளை. முதலை, டைனோசர், பறவை இன்னொரு கிளை, ஆர்க்கோசார்னு சொல்லுவோம். அதனால முதலைக்கு பல்லிய விட காக்காதான் நெருங்கின சொந்தம், நம்ப கஷ்டமா இருக்கும் ஆனா இதயத்த பாருங்க, முதலைக்கும் காக்காவுக்கும் நாலு அறை, பல்லிக்கு மூணுதான். முட்டைக்குள்ள குட்டி கத்துற சத்தம் கேட்டு தாய் முதலை மண்ண தோண்டி, குட்டிகள வாயில வச்சு தண்ணிக்கு கொண்டு போகும், பல்லிகிட்ட அதெல்லாம் எதிர்பாக்க முடியுமா?

கேள்வி: கோழிதான் டைனோசர்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, கலாய்க்கிறாங்களா ப்ரோ?

பதில்: இல்ல ப்ரோ, நிஜமாவே. ஞாயித்துக்கிழமை கோழிக்குழம்புல நெஞ்சுப்பகுதி வந்தா சாப்பிட்டுட்டு தேடிப் பாருங்க, உண்டிவில் கவட்டை மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கும். அதே கவட்டை எலும்பு டி. ரெக்ஸுக்கும் உண்டு. 1861ல ஜெர்மனியில சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லுல ஆர்க்கியாப்டெரிக்ஸ்ங்கிற ஆதிப் பறவையோட புதைபடிவம் கிடைச்சப்பவே விஷயம் ஆரம்பிச்சுது, சிறகும் இருக்கு, பல்லி மாதிரி நீள எலும்பு வாலும் இருக்கு. அப்புறம் 1996ல சீனாவுல லியாவோனிங்ல சைனோசாரோப்டெரிக்ஸ், பறக்காத சின்ன டைனோசர், உடம்பு பூரா கோழிக்குஞ்சு மாதிரி பூமுடி. அதுல இருந்த நிறமித் துகள வச்சு வாலு செம்பழுப்பும் வெள்ளையுமா வரிவரியா இருந்துச்சுன்னு 2010ல சொன்னாங்க, எனக்கு இன்னமும் அத நினைச்சா புல்லரிக்கும். 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி எல்லா டைனோசரும் அழியல, ஒரு குடும்பம் இன்னும் நம்ம கொல்லையில கொத்திக்கிட்டு இருக்கு.

கேள்வி: பறக்குற டைனோசர், கடல் டைனோசர்?

பதில்: ரெண்டும் டைனோசர் இல்ல. பறந்தது டெரோசார், அது டைனோசருக்குப் பங்காளி, அவ்வளவுதான். கடல்ல இருந்த இக்தியோசார், ப்ளீசியோசார் அதுகூட இல்ல.

கேள்வி: பெரம்பலூர் பக்கம் டைனோசர் முட்டை கிடைச்சுதாமே சார்?

பதில்: 2020ல குன்னத்துல கிடைச்சதா? அது முட்டை இல்லைங்க, அம்மோனைட்னு கடல் பிராணிய சுத்தி உருண்டு திரண்ட கல்லு, அந்த ஏரியாவே அப்ப கடல். ஆனா அரியலூர் பக்கம் கல்லமேட்டுல நிஜமாவே ராட்சச டைனோசர் எலும்பு கிடைச்சு 1980கள்ல ப்ருஹத்காயோசாரஸ்னு பேரும் வச்சாங்க, பாதுகாக்க முடியாம எலும்பு பொடிஞ்சு போச்சு, வயித்தெரிச்சல்.

கேள்வி: பையன் பொம்மை செட்ல முதுகுல விசிறி வச்ச ஒன்னு இருக்கு, நாலு காலு, அது எந்த டைனோசர்?

பதில்: டைமெட்ரோடானா இருக்கும்க்கா. டைனோசர் வர்றதுக்கு கோடிக்கணக்கான வருஷம் முன்னாடியே போய் சேர்ந்துடுச்சு. அது பாலூட்டி பக்கத்து கிளை, அதாவது கோழிக்கோ பல்லிக்கோ இல்ல, உங்க பையனுக்குத்தான் சொந்தம்.