நஞ்சுக்கொடி ஆய்வு: கேள்விகளும் பதில்களும்

பிரசவ அறையிலிருந்து வரும் நஞ்சுக்கொடியில் எங்கே மாதிரி வெட்டுவது? ஆர்.என்.ஏ. ஒவ்வொரு முறையும் சிதைந்தே கிடைக்கிறது.

இடம் இருக்கட்டும், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ரத்த ஓட்டம் நின்ற பிறகும் திசு உயிரோடுதான் இருக்கும், ஆக்சிஜன் இல்லாமல். அரை மணிக்குள் உறையவைத்துவிட வேண்டும். தொப்புள்கொடி சேரும் இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவே, நான்கைந்து மடல்களிலிருந்து (நஞ்சுக்கொடி பிரிந்திருக்கும் பகுதிகள்) எடுங்கள். ஒரே மடலிலேயே நடுவுக்கும் ஓரத்துக்கும் ஆக்சிஜன் அளவு மாறும் என்பதால் ஒற்றைத் துண்டை நம்ப முடியாது. தாய்ப்பக்கம் ஒட்டியிருக்கும் டெசிடுவாவை (கருப்பையின் உள்படலத் திசு) கத்தரித்து நீக்கி, ரத்தம் போகக் குளிர்ந்த உப்புக்கரைசலில் அலசி, அரை சென்டிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக்கித் திரவ நைட்ரஜனில் போடுங்கள். துண்டு பெரிதானால் உள்பகுதி உறைவதற்குள் ஆர்.என்.ஏ. கெட்டுவிடும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

இன்னொன்று: வலி கண்டு பிறந்ததையும், வலி வருமுன் சிசேரியனில் எடுத்ததையும் ஒரே குழுவில் சேர்க்காதீர்கள். பிரசவ வலியே திசுவில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்களைச் சேதப்படுத்தும் வேதி நிலையை, ஏற்றிவிடும்.

பீவோ செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும், நஞ்சுக்கொடிப் புற்றிலிருந்து வந்த செல்கள்) அவற்றை இணையத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் சேர்த்தேன், கர்ப்பகால ஹார்மோனான ஹெச்.சி.ஜி. கூடியது. செல்கள் இணைந்தன என்று எழுதலாமா?

கூடாது. ஹார்மோன் சுரப்பது வேறு, செல்கள் இணைவது வேறு. 48 மணி நேரம் கழித்து, செல்களின் எல்லையில் இருக்கும் புரதமான இ-கேட்ஹெரினுக்குச் சாயமேற்றுங்கள். எல்லைக்கோடு மறைந்த பரப்பில் உள்ள உட்கருக்களை எண்ணி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்லுங்கள். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த 20 மில்லிமோலார் ஃபோர்ஸ்கோலின் இருப்புக் கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 20 மைக்ரோமோலார் வரும், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தில் நிற்கும். ஃபோர்ஸ்கோலின் இல்லாத ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. போக வேண்டும்.

எட்டு வாரக் கர்ப்பத்தின் நஞ்சுக்கொடித் திசுவைச் சாதாரண இன்குபேட்டரில் வளர்க்கலாமா?

வளரும், ஆனால் கருப்பைக்குள் இருந்ததுபோல் இருக்காது. அந்த வாரங்களில் அங்கே ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 20 மி.மீ. பாதரசம்தான், அதாவது மூன்று சதவீதத்துக்குள். 12 வாரத்துக்குமேல் 60 அளவுக்கு ஏறும். இன்குபேட்டர் காற்றில் 140 வரை இருக்கும். ஆகவே ஆக்சிஜனைக் குறைத்துவைக்கும் கருவி தேவை. வளர்ப்பு ஊடகத்தையும் முந்தைய இரவே உள்ளே வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து அப்போதே எடுத்து ஊற்றினால் பல மணி நேரத்துக்குத் திசு அதிக ஆக்சிஜனில்தான் கிடக்கும்.

டிரோபோபிளாஸ்ட் ஆர்கனாய்டில் (நஞ்சுக்கொடிச் செல்களிலிருந்து வளர்த்த குட்டித் திசு உருண்டை) மருந்துக் கடத்தலை அளக்க முடியுமா?

2018-இல் வந்த முறைப்படி மேட்ரிஜெல் என்ற புரத ஜெல்லில் வளர்த்தால் சிரமம். நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்தைத் தொடும் படலம், இங்கே உருண்டைக்கு உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஜெல்லை நீக்கி மிதக்கவிட்டு வளர்த்தால் அது வெளிப்பக்கம் உருவாகும். கடத்தலை மட்டும் அளக்க வேண்டுமென்றால், முழு மடலில் இருபக்கமும் திரவம் ஓட்டும் பழைய முறையே மேல்.